இந்தியா போக விசா: நாமே போடுவதா, ஏஜெண்டிடம் கொடுப்பதா, ஓ.சி.ஐ. எடுத்துவிடுவதா?

இந்தியாவுக்கு டிக்கெட் போட்ட அன்றே நம் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: விசாவை யாரிடம் கொடுப்பது? கோலாலம்பூர்க்காரர் என்றால் பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த ஏஜெண்டு ஒருவர் இருப்பார். பினாங்கு என்றால் லிட்டல் இந்தியாவில் நகைக்கடை மாடியில் ஒருவர் இருப்பார். மூத்த மகன், "நானே ஆன்லைனில் போட்டுடுறேன், காசு எதுக்கு?" என்பான். மாமா ஒருவர், "வருசா வருசம் எதுக்கு இந்த அலைச்சல், பேசாம ஓ.சி.ஐ. எடுத்துடுங்க" என்பார். (ஓ.சி.ஐ. என்பது இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஆயுள்கால விசா அட்டை.) எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆளை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இந்தியர்கள் இங்கே வர 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்களுக்கு விசா வேண்டாம் என்று நம் மலேசிய அரசாங்கம் சொல்லிவிட்டது. நாம் அங்கே போகத்தான் இன்னும் விசா கேட்கிறார்கள். அந்த வருத்தத்தை மாமாக் கடையில் டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம். விசாவுக்குப் படிவம் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் விண்ணப்பித்து மின்னஞ்சலில் பெறும் இ-விசாவுக்கு இருப்பது ஒரே வாசல்தான். ஏஜெண்டும் அதே இந்திய அரசு இணையதளத்தில், அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார். அவருக்கென்று தனிக் கதவு கிடையாது. "நான் போட்டால் கண்டிப்பா கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அது வெறும் வியாபாரப் பேச்சு. அவருக்கு நீங்கள் கொடுக்கும் சேவைக் கட்டணம் தட்டச்சு செய்யும் வேலைக்கு. விசா தருவதும் மறுப்பதும் இந்தியக் குடிநுழைவு அதிகாரிகள் கையில். ஆகவே கேள்வி இதுதான்: உங்கள் பெயரும் பிறந்த தேதியும் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணும் யார் விரலிலிருந்து அந்தப் பெட்டிகளுக்குள் போக வேண்டும்?

அதற்கு முன்னால், எந்த விசா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பலர் ஏஜெண்டின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

சுற்றுலா இ-விசாவில் மூன்று வகை: 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம். 30 நாள் விசாவின் கணக்கு நீங்கள் இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்து ஓடும். அதற்குள் இரண்டு முறை நுழையலாம். திருச்சியில் இறங்கி, நடுவில் கொழும்புக்கு ஓர் எட்டு போய்விட்டு, மறுபடி சென்னை வழியாக வீடு திரும்புகிறவர்களுக்கும் இதுவே போதும். ஒரு வருட, ஐந்து வருட விசாக்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் அவற்றின் கணக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. ஒரு வருட விசாவுக்கு 120 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பொங்கலுக்குப் போக செப்டம்பரிலேயே போட்டுவிடுவார்கள். விமானம் ஏறும்போது அந்த வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு மாதம் வீட்டிலேயே கழிந்திருக்கும். 30 நாள் விசாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பயணத் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். எந்த வகையானாலும் குறைந்தது நான்கு நாள் முன்னதாகப் போட வேண்டும் என்பது விதி. நான் சொல்வது பத்து நாள்.

பணம் எவ்வளவு? 2019இல் மாற்றியமைத்த அட்டவணைப்படி பெரும்பாலான நாட்டவர்களுக்கு 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 அமெரிக்க டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர். ஒரு வருடம் 40, ஐந்து வருடம் 80. அதற்கு மேல் வங்கிக் கட்டணம் கொஞ்சம் ஏறும். மலேசியர்களுக்கு 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை 30 நாள் விசாவை இலவசமாகவே கொடுத்தார்கள். இப்படி நாட்டுக்கு நாடு சலுகை வந்து போவதால், போன வருடம் பக்கத்து வீட்டார் கட்டிய தொகையை நம்பாதீர்கள். விண்ணப்பிக்கும் அன்று அந்த இணையதளத்தின் கட்டணப் பட்டியலில் மலேசியாவுக்கு நேரே என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஏஜெண்டு சொல்லும் மொத்தத் தொகையில் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்பதும் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கோயில் சுற்றுலா போகிறவர்களுக்கு, பழனி, மதுரை, இராமேஸ்வரம் என்று இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு, 30 நாள் விசாவே போதும். அதிகம் யோசிக்க வேண்டாம். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் கதை வேறு. தி. நகரில் பட்டுப்புடவைக்கு ஒரு தடவை, தைக்கக் கொடுத்ததை வாங்கவும் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கவும் இன்னொரு தடவை என்று எப்படியும் இரண்டு பயணம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். அவர்களுக்கு ஒரு வருட விசாதான் சரி. இரண்டு தடவை 25 கட்டுவதைவிட ஒரு தடவை 40 மலிவு. மகளை அங்கே கட்டிக்கொடுத்தவர்கள், மார்கழிக் கச்சேரிக்கென்று வருடா வருடம் சென்னைக்குப் போகும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இவர்களுக்கு ஐந்து வருடம்.

ஆனால் ஐந்து வருட விசாவுக்கு ஆசைப்படுவதற்கு முன் கடப்பிதழை எடுத்துப் பாருங்கள். நாம் 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுக்கும் கடப்பிதழுக்கே ஐந்து வருடம்தான் ஆயுள். அதில் மூன்று வருடம் ஏற்கெனவே ஓடியிருந்தால், ஐந்து வருட விசாவின் பின்பாதி பழைய கடப்பிதழ் எண்ணில் மாட்டிக்கொள்ளும். பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப் போகும் வழி இருக்கிறது. ஆனாலும் எழுபது வயது அம்மா கவுண்டரில் நின்று இரண்டு கடப்பிதழையும் காட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? புதுக் கடப்பிதழ் கைக்கு வந்த கையோடு ஐந்து வருட விசா எடுத்தால்தான் அந்த 80 டாலருக்கு முழு மதிப்பு. எப்படியும் பயணத்தின்போது கடப்பிதழில் ஆறு மாத ஆயுளும், முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். அது குறைகிறது என்றால் முதலில் குடிநுழைவுத் துறைக்குப் போய்விட்டு வாருங்கள். விசா பிறகு.

சரி, நாமே போடுவதைப் பார்ப்போம். படிவம் நீளம் என்பதைத் தவிர அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கென்றே சில இடங்களில் கால் இடறும்.

முதலாவது பெயர். நம் கடப்பிதழில் பெயர் ஒரே கோவையாக இருக்கும்: தன் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். இந்தியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி. ஒரே குடும்பத்தில் அண்ணன் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், தங்கை முழுப் பெயரையும் சொந்தப் பெயராகப் போடுவாள், அம்மா ஏ/பியையே விட்டுவிடுவார். என் யோசனை: கட்டாயப் பெட்டி சொந்தப் பெயர்தான், முழுப் பெயரையும் அதிலேயே எழுதிவிட்டு, குடும்பப் பெயரைக் காலியாக விடுங்கள். சாய்வுக் கோட்டைப் பெட்டி ஏற்க மறுத்தால், கடப்பிதழின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பெயர் எப்படி விழுந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய பிழையோ, பதிவு இலாகா எழுதிய பிழையோ, கடப்பிதழில் இருப்பதைத் திருத்தும் இடம் இதுவல்ல.

இரண்டாவது, பெற்றோர் விவரம். அப்பாவும் அம்மாவும் எந்த ஊரில், எந்த நாட்டில் பிறந்தார்கள் என்று கேட்கும். நம் பெரியவர்களில் பலருக்குத் தோட்டத்தின் பெயர்தான் தெரியும், பட்டணத்தின் பெயர் தெரியாது. பிறப்புப் பத்திரத்தில் இருப்பதை எழுதுங்கள். அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே பதிலை எழுதுங்கள். முன்பு இந்தியா போனவர்களுக்குப் பழைய விசா எண் வேண்டியிருக்கும், அது பழைய கடப்பிதழில் இருக்கும். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து அலமாரியைக் குடைய வேண்டி வரும், அதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். தற்காலிக விண்ணப்ப எண் ஒன்று திரையின் மேலே வரும். அதை முதலிலேயே ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கடந்த பத்து வருடத்தில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்ற கேள்விக்கு நம்மில் பாதிப் பேர் சிங்கப்பூரையும் தாய்லாந்தையும் எழுத மறந்துவிடுகிறோம். வார இறுதியில் ஹட்யாய் போய் வருவது நமக்கு வெளிநாடாகவே தோன்றுவதில்லை. சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகள் பற்றித் தனிக் கேள்வியும் உண்டு: கடந்த மூன்று வருடத்தில் இலங்கைக்குப் போயிருந்தால் அங்கே எழுத வேண்டும். இந்தியாவில் தொடர்புக்கு ஒரு பெயரும் முகவரியும் கேட்பார்கள். உறவினர் இல்லையென்றால் தங்கப்போகும் ஓட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போதும். உடலில் அடையாளம் கேட்பார்கள். மச்சம் எங்கே என்று கண்ணாடி முன் நின்று தேடும் வேடிக்கை எல்லா வீட்டிலும் உண்டு.

சுற்றுலா விசாவுக்குப் பதிவேற்ற வேண்டியவை இரண்டே. ஒன்று படம்: சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி அணியாமல், 1 எம்.பி.க்குள். வீட்டில் பழைய ஸ்டூடியோ படம் நீலப் பின்னணியில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வெள்ளைச் சுவரில் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிற்க வைத்துக் கைத்தொலைபேசியில் எடுத்துக் கத்தரித்தால் போதும். இரண்டாவது, கடப்பிதழின் படப்பக்கம், பி.டி.எஃப்பாக, 300 கே.பி.க்குள். இங்கேதான் பலர் கோபத்தில் கணினியை மூடிவிட்டு ஏஜெண்டைத் தேடுகிறார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படம் பல மடங்கு பெரிதாக இருக்கும். சுருக்கினால் எழுத்து மங்கும். ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றில் கறுப்பு வெள்ளையாக எடுத்துச் சேமித்தால் அளவுக்குள் அடங்கும், அடியில் உள்ள இரண்டு வரிகளும் தெளிவாக விழும். அந்த வரிகள் வெட்டுப்பட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு சங்கடம். நம் வங்கிகளின் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் போய் நாமே திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் மூன்று முறை தட்டினால் விண்ணப்ப எண் முடங்கிவிடும், படிவம் முழுவதையும் மறுபடி நிரப்ப வேண்டும். கார்டில் பணம் கழிந்து, திரையில் மட்டும் 'கட்டப்படவில்லை' என்று காட்டினால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். சில மணி நேரம் பொறுத்து, அதே தளத்தில் பணம் சரிபார்க்கும் பக்கத்தில் பாருங்கள். கட்டிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. பிழை என்றால் புது விண்ணப்பம், புதுப் பணம். விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. அதனால் கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன், ஒருவர் கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்ப்பதுதான் நம் வீட்டுக்கு ஏற்ற தணிக்கை.

இதையெல்லாம் படித்து, "வேண்டாம் சாமி, ஏஜெண்டிடமே கொடுத்துடுவோம்" என்று நினைப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஐம்பது, நூறு வெள்ளிக்காக இரத்தக் கொதிப்பு ஏற்றிக்கொள்ள வேண்டாம்தான். வீட்டில் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத பெரியவர்களுக்கும், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போகும் குடும்பக் கூட்டத்துக்கும் நல்ல ஏஜெண்டு நிச்சயம் உதவி. தினமும் இதே படிவத்தைப் பார்க்கிறவருக்குப் படம் எந்த அளவில் ஏறும், எந்தப் பதிலுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் கை பழகியிருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். செந்தூலில் இருக்கும் என் அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏஜெண்டு தன் மின்னஞ்சலையே போட்டு விண்ணப்பித்தார். அனுமதி வந்தது, அவருடைய பெட்டிக்கு. தைப்பூச விடுமுறை; கடை மூடியிருக்கிறது, தொலைபேசியை எடுக்க ஆளில்லை. மறுநாள் காலை விமானம். நிலையைப் பார்க்கும் பக்கத்தில் கடப்பிதழ் எண்ணோடு விண்ணப்ப எண்ணும் கேட்கிறது. அத்தையிடம் இருந்தது ஏஜெண்டு கொடுத்த ரசீது மட்டும். அதில் தொகையும் கையெழுத்தும்தான். பத்துமலையில் காவடி பார்த்துக்கொண்டிருந்த ஏஜெண்டை யாரோ ஒருவர் கண்டுபிடித்து, இரவு பத்தரைக்கு வாட்ஸ்ஆப்பில் அந்தத் தாள் வந்தது. அதுவரை அத்தை கட்டி வைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். விசாவில் ஒரு குறையும் இல்லை. அது வந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆகவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். என் மின்னஞ்சல், என் தொலைபேசி எண் போடுங்கள். விண்ணப்ப எண்ணை இன்றே கொடுங்கள். பணம் கட்டும் முன் நிரப்பிய படிவத்தை எனக்கு அனுப்புங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அரசுக் கட்டணத்தையும் உங்கள் கூலியையும் தனித்தனியாக எழுதுங்கள். நல்ல ஏஜெண்டு இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்; பிரிக்பீல்ட்ஸில் கடைக்கா பஞ்சம்?

ஏஜெண்டுகளில் மோசமான வகை ஒன்று உண்டு. அவருக்குக் கடையே கிடையாது. இணையத்தில் 'இந்திய விசா' என்று தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் தளங்கள்: அசோகச் சக்கரம், தாஜ்மகால் படம், அரசுத் தளம் போலவே முகப்பு. அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கறந்துவிட்டு, அதே அரசுத் தளத்தில் உங்கள் விவரத்தைத் தட்டுவார்கள். தட்டாமலே விடுகிறவர்களும் உண்டு. உண்மையான முகவரி இந்தியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன் (indianvisaonline.gov.in). கடைசியில் 'கவ் டாட் இன்' இல்லாத எதிலும் கடப்பிதழ் எண்ணைத் தட்டாதீர்கள். தானே போட்டேன் என்று நினைத்துக்கொண்டு இந்தப் போலித் தளங்களில் போட்டவர்களைப் பார்க்கும்போது, கடை வைத்திருக்கும் ஏஜெண்டு எவ்வளவோ மேல் என்று தோன்றும். அவரையாவது நேரில் போய்ப் பிடிக்கலாம்.

குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்குச் சுற்றுலா நிறுவனமே விசாவையும் சேர்த்துப் போட்டுவிடும். வசதிதான். மேலே சொன்ன அதே நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ளலாம்.

இ-விசாவே கிடையாது, கடப்பிதழில் ஒட்டும் விசாதான் என்ற நிலையில் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. சாதாரணக் கடப்பிதழ் அல்லாத வேறு பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு இ-விசா இல்லை. சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமைத் தாள் கைக்கு வராதவர்கள். அவர்கள் பயண ஆவணத்தோடுதான் வெளியே போக முடியும். அவர்களுக்காக இணையத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். நேராக இந்தியத் தூதரக வழியில் போய், முன்னதாகவே தாள்களைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகு போடுங்கள். பாகிஸ்தானில் வேர் உள்ளவர்களுக்கும், வேலை, செய்தி சேகரிப்பு, சமயப் பிரசாரம் என்று போகிறவர்களுக்கும் இதே பாதைதான். கோலாலம்பூரில் தூதரகம் மொண்ட் கியாராவில் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒட்டும் விசாவால் இன்று பெரிய ஆதாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாமா சொன்ன ஓ.சி.ஐ.

அது குடியுரிமை அல்ல, ஆயுள் முழுதுக்கும் செல்லும் விசா. எத்தனை முறையும் போகலாம், எத்தனை நாளும் இருக்கலாம். வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. ஓட்டுரிமை கிடையாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 275 டாலர். ஐந்து வருட இ-விசாவோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. ஆயுள் முழுதுக்கும் என்று பார்த்தால் மலிவு. கணக்குப்படி மாமா சொல்வதுதான் சரி.

கணக்கில் வராதது சான்று. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அன்று அதற்குத் தகுதி பெற்றிருந்தவர், 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர். இவர்களும், இவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரன் பேத்தி வரை விண்ணப்பிக்கலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாத்தா திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார் என்பதற்குத் தாள் எங்கே? 1926இல் ஓட ஆரம்பித்த ராஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறக்கியது. அதில் வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள், பிறப்புப் பத்திரத்தோடு வரவில்லை. பழைய பிரிட்டிஷ் இந்தியக் கடப்பிதழ், பிறந்த இடம் இந்தியா என்று எழுதிய பழைய அடையாளப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ், தாத்தாவின் ஊரைக் குறிப்பிடும் அப்பாவின் பிறப்புப் பத்திரம்: இப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள்.

அப்புறம் அந்தத் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தாத்தாவின் பெயர் அவருடைய பத்திரத்தில் ஒரு மாதிரி, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் வேறு மாதிரி, கல்யாணப் பத்திரத்தில் மூன்றாவது மாதிரி. 'கருப்பையா' என்ற ஒரே மனிதர், கிராணி மாறியபோதெல்லாம் ஆங்கில எழுத்தில் வேறு ஆளாகிவிடுவார். ஒவ்வொரு முடிச்சுக்கும் சத்தியப் பிரமாணம், பதிவு இலாகாவில் நகல், ஆணையர் முன் கையெழுத்து என்று அலைய வேண்டும். நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விசாவை விடுங்கள், இந்தத் தாள்களைத் தேடுவதே தனி மகிழ்ச்சி. பேரப்பிள்ளைகளுக்கு ஊர் பெயராவது தெரியும். ஆனால் அடுத்த மாதம் பழனிக்குப் போக வேண்டும் என்பவருக்கு இது தீர்வு அல்ல. ஓ.சி.ஐ. கையில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை இ-விசாவில் போய் வாருங்கள்.

ஓ.சி.ஐ. யாருக்கு? வருடத்தில் பாதி அங்கேயே இருக்க நினைப்பவர்கள், அங்கே வீடு வாங்கியிருப்பவர்கள், இந்தியக் குடிமக்களைக் கட்டிக்கொண்டவர்கள். கட்டிக்கொண்டவர்களுக்குத் தாத்தாவின் தாளே வேண்டாம், திருமணம் பதிவாகி இரண்டு வருடம் ஆனால் அந்த வழியிலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கோயிலுக்குப் போகிறவருக்கு ஓ.சி.ஐ. எதற்கு? பெருமைக்கு மட்டும் என்றால் 275 டாலர் அதிகம்.

ஏஜெண்டோ நாமோ, யார் போட்டாலும் பயணக் காரணத்தைச் சரியாகப் போடுங்கள். கோயில், உறவினர் வீடு, ஊர் சுற்றல், குறுகிய காலப் பரதநாட்டிய, சங்கீத வகுப்பு எல்லாம் சுற்றுலா இ-விசாவில் அடங்கும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவர் சரக்கு வாங்க ஈரோட்டுக்குப் போவது அடங்காது. அது வணிக இ-விசா. வேலூரிலோ சென்னையிலோ அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு மருத்துவ இ-விசா தனியாக இருக்கிறது, கூடப் போகும் இருவருக்கும் துணையாளர் விசா உண்டு. 60 நாள், மூன்று நுழைவு. சுற்றுலா விசாவை உள்ளே போய் நீட்டவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியாது. சிகிச்சை இழுத்துக்கொண்டே போனால் அப்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

எங்கே இறங்குவது என்பதும் ஒரு கேள்வி. இ-விசாவில் குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் போன்ற இடங்கள் வழியாகத்தான் நுழைய முடியும். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் மூன்றும் அதில் உண்டு, கொச்சியும் திருவனந்தபுரமும் உண்டு. பினாங்குக்காரர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் கோலாலம்பூர் வந்து ஏற வேண்டியிருந்தது; 2024 டிசம்பரில் இண்டிகோ விமான நிறுவனம் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து வெளியேறுவதற்கு இ-விசாவின் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மின்னஞ்சலில் வரும் அனுமதித் தாளில் பெயர், கடப்பிதழ் எண், காலாவதித் தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மின்னஞ்சல் வரவில்லை என்றால் குப்பைப் பெட்டியிலும் பார்த்துவிட்டு, தளத்தில் நிலையைப் பாருங்கள். 'வழங்கப்பட்டது' என்று வந்தால்தான் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: முன்பு விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்பிய வருகை அட்டை இப்போது இணையத்தில். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள், அதே அரசுத் தளத்தில், இலவசமாக. அதற்கும் காசு கேட்கும் தளங்கள் முளைத்திருக்கும், ஏமாறாதீர்கள். அது விசா அல்ல, விசாவுக்கு மாற்றும் அல்ல.

அனுமதித் தாளை ஆளுக்கு ஒன்று அச்சடித்து அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லோருடையதையும் மகனின் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு போனால், கவுண்டரில் ஒவ்வொருவராகக் கூப்பிடும்போது அவன் முன்னால் போயிருப்பான், அம்மா பின்னால் நிற்பார். அங்கே கைரேகையும் எடுப்பார்கள். வருடக்கணக்கில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி இரண்டு மூன்று தடவை கேட்கும். கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.